பிஎம் கிசான் 2,000 ரூபாய் வரவில்லையா? முதலில் எந்தக் கதவைத் தட்டுவது என்று பாருங்கள்

நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு வருடம் 6,000 ரூபாயை 2,000, 2,000-ஆகத் தரும் மத்திய அரசுத் திட்டம் பிஎம் கிசான். அதன் தவணை விழுந்த மறுநாள் காலையில் எங்கள் ஊர் பால் சொசைட்டி வாசலில் இரண்டு வகை ஆட்கள் நிற்பார்கள்: மெசேஜ் வந்தவர்கள், வராதவர்கள். 2025 நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் 21-வது தவணையைப் பிரதமர் விடுவித்தாரே, அதற்கு மறுநாளும் அப்படித்தான். "பக்கத்து வயல்காரனுக்கு வந்திருக்கு, எனக்கு மூணு தவணையா வரலப்பா" என்று பெரியப்பா முறையுள்ள ஒருவர் பாஸ்புக்கோடு வந்தார். வங்கியில் கேட்டால் வேளாண்மை ஆபீசுக்குப் போகச் சொன்னார்களாம். அங்கே போனால் விஏஓவைப் பார்க்கச் சொன்னார்களாம். விஏஓ வங்கியில் கேட்கச் சொல்லிவிட்டார். பஸ் செலவும் போன அன்றாடக் கூலியும் சேர்த்தால் ஒரு தவணையில் பாதி போயிருக்கும்.

யாரும் பொய் சொல்லவில்லை. இந்தப் பணம் ஆதார், பட்டா, வேளாண்மைத் துறை, வங்கி என்று நான்கு இடங்களைத் தாண்டி வருகிறது. ஓர் இடத்தில் விழுந்த முடிச்சை இன்னோர் இடத்தில் அவிழ்க்க முடியாது. எங்கே முடிச்சு என்று பார்க்க ஆபீஸ் ஏறி இறங்க வேண்டாம், கையில் ஒரு போன் போதும்.

முதலில் திரையைப் படியுங்கள்

பிஎம்கிசான் டாட் ஜிஓவி டாட் இன் என்ற தளத்தில் 'நோ யுவர் ஸ்டேட்டஸ்' என்று ஒரு பெட்டி இருக்கும். அது பதிவு எண் கேட்கும். எண் தெரியாவிட்டால் அதே பக்கத்தில் ஆதார் எண்ணையோ போன் எண்ணையோ கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதி வையுங்கள். இனி எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

உள்ளே போனால் உங்கள் விவரத்துக்குக் கீழே மூன்று வரிகள் இருக்கும்: லேண்ட் சீடிங் (நிலத்தைப் பதிவோடு சேர்த்தது), இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு), ஆதார் பேங்க் அக்கவுண்ட் சீடிங் (ஆதாரை வங்கிக் கணக்கோடு சேர்த்தது). ஒவ்வொன்றுக்கும் எதிரில் 'யெஸ்' அல்லது 'நோ'. அதற்கும் கீழே ஒவ்வொரு தவணையும் என்ன ஆனது என்று தனித்தனியாகக் காட்டும். இந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள்.

"மூன்றும் யெஸ், பணம் போய்விட்டது என்கிறது, என் பாஸ்புக்கில் இல்லை"

பெரியப்பாவுக்கு இதுதான். பணம் நின்றிருக்கவில்லை, வேறு கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது இந்தப் பணம் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. ஆதார் எண்ணைப் பார்த்து வருகிறது. உங்கள் ஆதாருக்கு எந்த வங்கி என்று, வங்கிகளுக்கிடையே பணம் மாற்றும் வேலையைப் பார்க்கும் என்பிசிஐ என்ற அமைப்பு ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான் அதில் நிற்கும். கடைசியாக எங்கே இணைத்தீர்களோ அது. நூறு நாள் வேலைக்காகத் திறந்தது, நகைக்கடனுக்காகத் திறந்தது, மகளிர் குழுவுக்காகத் திறந்தது என்று நம் வீட்டில் ஆளுக்கு மூன்று கணக்கு கிடக்கும். அதில் எதற்கோ படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது ஆதார் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆதார் ஆணையமான யுஐடிஏஐ நடத்தும் மைஆதார் தளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் போட்டு நுழைந்தால் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று ஒன்று இருக்கிறது. வங்கியின் பெயரைக் காட்டும். பெரியப்பா மறந்தே போயிருந்த ஒரு வங்கியின் பெயர் வந்தது. டிரங்குப் பெட்டியில் பழைய பாஸ்புக்கைத் தேடி எடுத்துப் பதிவு போட்டுப் பார்த்தால் மூன்று தவணையும் அப்படியே இருந்தது.

தவணைக்கு எதிரில் 'ஆர்எஃப்டி சைன்ட் பை ஸ்டேட்' என்று இருந்தால், பணம் அனுப்பும்படி மாநிலம் கையெழுத்திட்டுவிட்டது என்று அர்த்தம். 'எஃப்டிஓ ஜெனரேட்டட்' என்றால் பண ஆணையும் தயாராகிவிட்டது, வங்கியிலிருந்து உறுதிச் செய்தி வரவேண்டும். இந்த இரண்டுக்கும் எங்கேயும் போக வேண்டாம், பொறுத்திருப்பதுதான் வேலை.

"ஆதார் பேங்க் சீடிங்: நோ"

இங்கேதான் வங்கிக் கவுண்டரில் பெரிய குழப்பம் நடக்கிறது. "ஆதார் ஏற்கெனவே லிங்க் ஆகியிருக்கு, போங்க" என்பார்கள். அவர்கள் திரையில் லிங்க் ஆகித்தான் இருக்கும். அடையாளச் சான்றாக ஆதாரைக் கணக்கில் ஏற்றுவது வேறு, மானியத்தை நேரடியாகக் கணக்கில் வாங்குவதற்காக (இதுதான் டிபிடி) என்பிசிஐ பதிவேட்டில் ஏற்றுவது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. "டிபிடிக்காக என்பிசிஐயில் சேர்க்கணும், அதுக்கு ஒப்புதல் படிவம் கொடுங்க" என்று இதே சொற்களில் கேளுங்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துச் சில நாள் கழித்து மைஆதாரில் பாருங்கள். வங்கியின் பெயர் வந்தால்தான் வேலை முடிந்தது.

எனக்கே ஒரு கிளையில் இரண்டு முறை படிவம் வாங்கி வைத்துக்கொண்டு ஏற்றாமல் விட்டார்கள். மூன்றாம் முறை நகலில் முத்திரை போட்டு வாங்கிய பிறகுதான் நடந்தது. நீங்கள் முதல் முறையே முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

வங்கி தூரம் என்றால் தபால்காரரிடம் கேட்டுப் பாருங்கள். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கை அவரே கைரேகை வைத்துத் திறந்து ஆதாரையும் சேர்த்துவிடுவார். ஆனால் ஒன்று தெரிந்து செய்யுங்கள்: புதுக் கணக்கு பதிவேட்டில் ஏறியதும் கேஸ் மானியம், நூறு நாள் கூலி போல ஆதாரைப் பார்த்து வருவதெல்லாம் அங்கே திரும்பிவிடும். வீட்டில் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதைத் தேடுவீர்கள்.

"லேண்ட் சீடிங்: நோ"

இருப்பதிலேயே நாள் பிடிக்கும் கோளாறு இது. வயல் உங்கள் கையில் இருந்தால் போதாது, வருவாய்த் துறைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். முதலில் தமிழ்நாடு அரசின் இணையவழிச் சேவைத் தளத்தில் பட்டா எண்ணோ புல எண்ணோ கொடுத்து உங்கள் பட்டாவைப் பாருங்கள். நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதும் அங்கே இருப்பதும் ஒன்றா என்று பார்க்காமல் யாரிடமும் பேசப் போகாதீர்கள்.

பட்டாவில் உங்கள் பெயர் சரியாக இருந்தால் கவலை இல்லை. பட்டா, ஆதார், பாஸ்புக் நகல்களோடு பதிவு எண்ணையும் எடுத்துக்கொண்டு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். ஊருக்கு வரும் உதவி வேளாண்மை அலுவலரிடமும் கொடுக்கலாம். நிலத்தைச் சேர்ப்பது அவர்கள் கையில் இருக்கிறது. இதற்கு வங்கிக்கோ தாலுகா ஆபீசுக்கோ போக வேண்டியதில்லை.

கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பி நான்கு பேர் பெயரோடு உங்கள் பெயரும் இருக்கிறதா? தனிப் பட்டா வாங்கினால்தான் பணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரே நிலத்தில் பல குடும்பங்களின் பெயர் இருந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகத் தகுதி உண்டு என்றுதான் திட்ட விதி சொல்கிறது.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால்தான் சிரமம். நம் பக்கத்தில் இது சர்வ சாதாரணம். வாய்ப் பேச்சில் பாகம் பிரித்து, வரப்பு போட்டு, முப்பது வருடம் உழுதிருப்பார்கள். தாளில் மட்டும் செத்துப்போனவர் உழுதுகொண்டிருப்பார். இதற்கு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்து இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு எழுதிப் போட வேண்டும். தாத்தா, அப்பா என இரண்டு தலைமுறை தாண்டியிருந்தால் இருவருக்கும் சான்றுகள் வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம் இல்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். வாரிசுகள் எல்லோர் பெயரையும் கூட்டாகச் சேர்க்கக் கேட்கலாம். இப்போதைக்கு உட்பிரிவு கேட்காமல் இருந்தால் சர்வேயர் வந்து அளக்கும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. பிரிவினைச் சண்டை தனியே நடக்கட்டும், பெயர் முதலில் ஏறட்டும்.

இன்னொரு சிக்கலில் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தத் திட்டத்துக்கு நில உடைமையைக் கணக்கிடும் தேதி 2019 பிப்ரவரி 1. அதற்குப் பிறகு கிரயம் வாங்கியவருக்கும் தான செட்டில்மெண்ட் பெற்றவருக்கும் தகுதி இல்லை. உடையவர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. முதலில் ஐந்து ஆண்டுக்கு என்று போட்ட நிபந்தனை, ஆனால் இன்றும் அந்தத் தேதியை வைத்தே சரிபார்க்கிறார்கள். வயதாகிவிட்டதே என்று 2021-இல் மகன் பெயருக்கு எழுதி வைத்தார் எனக்குத் தெரிந்த ஒருவர். அவர் பெயரில் நிலம் இல்லை, அதனால் அவருக்கு நின்றது. மகனுக்கு நிலம் வந்தது 2019-க்குப் பிறகு, அதனால் அவனுக்கும் கிடைக்கவில்லை. இதற்கு எந்த ஆபீசிலும் மருந்து கிடையாது. எழுதி வைக்கப் போகிறவர்கள் வருடம் 6,000 ரூபாய் போகும் என்று தெரிந்தே எழுதட்டும்.

"நான் குத்தகைக்கு உழுகிறேன், எனக்கு ஏன் இல்லை?"

இது கோளாறு அல்ல. திட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம், சேற்றில் இறங்குபவருக்கு இல்லை. கோயில் நிலமும் மடத்து நிலமும் நிறைந்த தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் தலைமுறையாக உழுதும் இந்தப் பட்டியலுக்குள் வர முடியவில்லை. நிறுவனப் பெயரில் இருக்கும் நிலம் விதியிலேயே விலக்கப்பட்டது, அதனால் கோயிலுக்கும் வராது, உழுபவருக்கும் வராது. "ஏதாவது செய்து சேர்த்து விடுகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

"இ-கேஒய்சி: நோ"

மூன்றில் இதுதான் லேசு. ஆதாரோடு இணைந்த போன் கையில் இருந்தால் தளத்திலேயே ஓடிபி போட்டு முடித்துவிடலாம். அந்த சிம் தொலைந்துவிட்டது, பேரன் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டான் என்றால் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைக்கலாம். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலுக்கு ரேகை எங்கே விழும்? எங்கள் ஊரில் ஓர் அப்பத்தாவுக்குப் பத்து விரலும் தோற்றது. அப்படியிருந்தால் பிஎம் கிசான் செயலியில் முகத்தைக் காட்டி முடிக்கும் வசதி 2023-இலிருந்து இருக்கிறது. அவர் கையில் ஸ்மார்ட்போன் இருக்க வேண்டும் என்பதில்லை, உங்கள் போனிலேயே செய்துகொடுக்கலாம். வெளிச்சத்தில் உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, இரண்டு முறை கண்ணைச் சிமிட்டச் சொன்னால் முடிந்தது.

"பெயர் பொருந்தவில்லை"

நம் ஊருக்கென்றே வாய்த்த தொல்லை இனிஷியல். ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால், பட்டாவில் இனிஷியலே இல்லாமல் 'கந்தசாமி மகன் முருகேசன்' என்று இருக்கும். ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒரு எழுத்து கூட்டியிருப்பார், இன்னொருவர் குறைத்திருப்பார். ஆதாரில் உள்ளதே சரி என்றால் தளத்தில் 'ஆதார்படி பெயர் திருத்தம்' என்ற வசதியில் மாற்றிவிடலாம். ஆதாரிலேயே தப்பு என்றால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள், மற்றதெல்லாம் பிறகு. பட்டாவில் எழுத்துப் பிழை என்றால் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும்.

"ஒழுங்காக வந்தது, திடீரென்று நிறுத்திவிட்டார்கள்"

சந்தேகப் பட்டியலில் விழுந்திருப்பீர்கள். பெரும்பாலும் மூன்று காரணம்.

ஒன்று, கணவன் மனைவி இருவரும் வாங்கிக்கொண்டிருப்பது. கணவன், மனைவி, 18 வயது நிறையாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். இருவர் பெயரிலும் தனித்தனிப் பட்டா இருந்தாலும் ஒருவருக்குத்தான் பணம். வயது வந்த மகன் தனிக் குடும்பம், அவன் பெயரில் நிலம் இருந்தால் அவன் கணக்கு வேறு.

இரண்டு, நான் மேலே சொன்ன 2019 பிப்ரவரி விவகாரம்.

மூன்று, விலக்குப் பட்டியல். போன மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர், அரசு ஊழியர், தொழில் செய்யும் டாக்டர், வக்கீல், என்ஜினீயர் இவர்களுக்குக் கிடையாது. கடைநிலை ஊழியர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. குடும்பத்தில் ஒருவர் இதில் வந்தாலும் குடும்பமே வெளியே: மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை என்றால் கணவர் பெயரில் இருக்கும் இரண்டு ஏக்கருக்கும் இல்லை. வண்டிக் கடன் வாங்க ரிட்டர்ன் மட்டும் தாக்கல் செய்தேன், வரி ஒரு ரூபாய் கட்டவில்லை என்பவர்கள் அந்த ரிட்டர்ன் நகலை வேளாண்மை அலுவலகத்தில் காட்டி மறுபரிசீலனைக்கு எழுதிக் கொடுங்கள். தாக்கல் செய்வது வேறு, வரி கட்டுவது வேறு.

அலுவலகத்தில் ஏன் இவ்வளவு கிடுக்கிப்பிடி என்று தோன்றினால் 2020-ஐ நினைத்துப் பாருங்கள். தாமே பதிவு செய்துகொள்ளும் வசதியும் அலுவலர்களின் பாஸ்வேர்டும் தரகர்கள் கையில் சிக்கி, கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்கள் கணக்கிலெல்லாம் பணம் விழுந்தது. சுமார் 5.5 லட்சம் தகுதியற்றவர்கள், 110 கோடி ரூபாய் என்று அப்போது வேளாண்மைத் துறை கணக்குச் சொன்னது. சிபிசிஐடி விசாரணை நடந்தது, கணக்குகளிலிருந்து பணம் திரும்ப எடுக்கப்பட்டது. தரகரிடம் நூறு, இருநூறு கொடுத்துச் சேர்ந்த ஏழைகள்தான் கடைசியில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. குத்தகைக்காரர்களிடம் சொன்ன எச்சரிக்கை இதற்காகத்தான்.

தகுதி இல்லாமல் வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீசும் வந்துவிட்டது என்றால் யாரிடமும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். தளத்திலேயே 'ஆன்லைன் ரீஃபண்ட்' இருக்கிறது. கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

"அப்பா தவறிவிட்டார்"

அவர் பெயரில் வருவதை நிறுத்தச் சொல்லி வேளாண்மை அலுவலகத்தில் இறப்புச் சான்றைக் கொடுத்துவிடுங்கள். இறந்த பிறகு விழுந்த தவணையை ஏடிஎம்மில் எடுத்தால் பின்னால் திருப்பிக் கட்ட நேரும். பட்டா மாறியதும் அம்மாவோ பிள்ளையோ புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். பழைய பதிவில் பெயரை மட்டும் மாற்றித் தரமாட்டார்கள்.

"விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் எடுக்கச் சொல்கிறார்களே?"

எடுத்துவிடுங்கள். ஆதார், பட்டா விவரம், ஆதாரோடு இணைந்த போன் இவற்றோடு பொதுச் சேவை மையத்துக்கோ முகாமுக்கோ போனால் பதிந்து தருவார்கள். உங்கள் பெயரில் இருக்கும் எல்லாப் புல எண்களையும் அதில் சேர்த்தார்களா என்று அங்கேயே சரிபாருங்கள். ஒன்று விடுபட்டால் மறுபடி அலைய வேண்டும்.

"பணம் வந்தது, ஆனால் எடுக்கப் போனால் குறைகிறது"

பாஸ்புக்கில் பதிவு போட்டு வரி வரியாகப் பாருங்கள். விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய், ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய் என்று மே மாதக் கடைசியையொட்டிப் பிடித்திருப்பார்கள். அது நீங்கள் எப்போதோ கையெழுத்துப் போட்ட பிரதமர் காப்பீட்டுத் திட்டங்கள். காப்பீடு வேண்டும் என்றால் விடுங்கள், வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடித்திருந்தால், அந்தக் கணக்கை ஜீரோ பேலன்ஸ் கணக்காக மாற்றித் தரக் கேளுங்கள்.

"பிஎம் கிசான் பட்டியல் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்தது"

திறக்காதீர்கள். ஏபிகே என்று முடியும் எந்த ஃபைலையும் அரசு வாட்ஸ்அப்பில் அனுப்பாது. திறந்துவிட்டீர்கள் என்றால் உடனே டேட்டாவை அணைத்து, வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லி, 1930-க்கு அழையுங்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால்

155261 என்ற உதவி எண்ணுக்கோ 1800-11-5526 என்ற கட்டணமில்லா எண்ணுக்கோ அழைக்கலாம். தவணை விழும் வாரத்தில் லைன் கிடைப்பது குதிரைக்கொம்பு, பத்து நாள் கழித்து முயலுங்கள். தளத்தில் இருக்கும் கிசான் இ-மித்ரா தமிழிலும் பதில் சொல்லும், ஆனால் திரையில் நீங்கள் ஏற்கெனவே பார்த்ததைத்தான் அதுவும் சொல்லும். உள்ளூரில் வேலை நடக்க வேண்டும் என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்தான் என் தேர்வு. ஸ்கிரீன்ஷாட்டையும் முத்திரை வாங்கிய நகலையும் மனுவோடு இணைத்துக் கொடுத்தால், "விசாரித்துச் சொல்கிறோம்" என்று மட்டும் சொல்லி அனுப்ப முடியாது, எந்தத் துறை என்று அங்கேயே பிரித்துக் கொடுத்துவிடுவார்கள்.

கோளாறு சரியானதும் விட்டுப்போன தவணைகள் அவ்வளவுதானா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. விலக்குப் பட்டியலில் வராமல் வேறு காரணத்தால் நின்றிருந்தால், நீங்கள் பதிவாகி நின்றுபோன காலத்துக்கான தவணைகள் தடை நீங்கிய பிறகு வந்துசேர வேண்டும் என்பது விதி. ஒவ்வொன்றும் தனித்தனி வரவாகவே பாஸ்புக்கில் ஏறும். அதனால் அடுத்த தவணை வந்த வாரத்தில் ஒரு 2,000 மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், 'நோ யுவர் ஸ்டேட்டஸ்' பக்கத்தில் பழைய தவணை எண்களுக்கு எதிரில் என்ன இருக்கிறது என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.